பின்னறிவும் நடுவுநிலையும்

முடிந்த செயலிற் குறை காண்டல் எளிது; அதனைச் செய்தார்க்கு அக்காலத்திருந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தல் அரிது. இதனைக் கணிப்பொறியில் தமிழெழுத்துக்கள் இடம்பெற்ற வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கணிப்பொறி எண்ணையன்றி எழுத்தை அறியாது. ஆதலின், ஒவ்வோர் எழுத்துக்கும் எண் வகுத்தல் வேண்டும். இந்திய மொழிகட்கென 1988-இல் அமைந்த ‘இஸ்கி’ முறையில் இருந்த இடங்கள் 256. அவற்றுட் பாதி ஆங்கில எழுத்து முதலியவற்றிற்கு உரியன. எஞ்சிய 128-இல் நம் எழுத்துக்கள் 247-உம் அடங்குதல் யாங்ஙனம்? எனவே, உயிரும், அகரமேறிய மெய்யும், துணைக்குறிகளும், புள்ளியுமே எண் பெற்றன. பல மொழிகளின் ஒத்த எழுத்துக்கட்கு ஒரே எண் அளிக்கப்பட்டமையின், ஒரு மொழியின் எழுத்தை மற்றொன்றன் எழுத்தாக மாற்றுதலும் எளிதாயிற்று.

தமிழ் பயிலும் யாம் இதனை முதலில் அறிந்தபோது வெகுண்டோம். ககர மெய்யோடு அகரம் கூடிக் ‘க’ ஆதல் இலக்கணம். பொறியிலோ ‘க’வோடு புள்ளி கூடிக் ‘க்’ ஆகின்றது. நெடுங்கணக்கில் மெய்களின் இறுதியில் நிற்கும் னகரம், அங்கே நகரத்தை அடுத்து நிற்கின்றது.

சினம் தணிந்து நோக்கின், முதற்குறை குறையன்று. ஒலியின் இயல்பு வேறு, வரிவடிவின் இயல்பு வேறு எனக் கொண்ட தொல்காப்பியர், மெய்யின் வடிவம் புள்ளி பெறும் என்றும், புள்ளி நீங்கின் அகரம் ஏறியதாம் என்றும் விதித்தார். பொறியமைத்தோர் வரிவடிவத்தின் வழியே சென்றனர். இரண்டாவது மெய்யான குறையே. அகரவரிசைப்படுத்தத் தனி விதி வேண்டியதாயிற்று. ஆயினும், அது பல மொழிகட்குப் பொதுமை தேடியதன் விலை.

1991-இல் ஒருங்குறி தோன்றியபோது 65,536 இடங்கள் கிடைத்தன. இடநெருக்கடி ஒழிந்தது, அதனாற் பிறந்த அமைப்போ ஒழியவில்லை. முன்னைய நியமத்தினின்று எளிதில் மாற்றிக்கொள்ளும் பொருட்டு, அதன் வரிசையே பின்பற்றப்பட்டது. 1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல், ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இடம் பெயர்ப்பதில்லை என்னும் உறுதி நிலைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ முறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு ஏற்றது; அதற்குள் உலகெங்கும் ஒருங்குறியே வேரூன்றிவிட்டது.

ஓலையில் எழுதினோர், ஏடு துளைபடுமென அஞ்சிப் புள்ளியிடாது விடுத்தனர் என்பர். அதனால் எகர ஏகாரங்கள் மயங்கின. வீரமாமுனிவர் (1680–1747) நெடிற்கு வேறு வடிவந்தந்து அம்மயக்கம் தீர்த்தார். ஓலையெழுதினோரைப் பழிப்பார் யார்? காரணம் நீங்கிய பின்னும் அதன் காரியத்தை ஆராயாது சுமப்பாரே வினாவுக்குரியர்.

ஆகவே, முன்னோர் செயலை மதிப்பிடுங்கால், அவர்க்கு இருந்த தடை யாது, அவர் அறிந்தது எத்துணை, வேறு வழி இருந்ததோ என்னும் மூன்றையும் வினவுதல் கடன். இன்று முடிவு செய்வார்க்கும் ஒரு கடனுண்டு: முடிவோடு அதன் காரணத்தையும் எழுதி வைத்தல். அக்காரணம் எந்நாளில் ஒழிந்ததென்பதைப் பின்வருவோர் அங்ஙனமன்றி அறிதல் இயலாது.