ஒரே புத்தகம், இரண்டு தீர்ப்பு

கேள்வி: கதாபாத்திரமேற்று மேசையில் ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் நான்காம் பதிப்பை ஒரு நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் கரித்துக் கொட்டுகிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். இருவரும் சொல்வது அவரவர் ஆடும் விதத்தைப் பற்றித்தான். 2008-ல் வந்த அந்தப் பதிப்பில் சண்டை, கட்டம் போட்ட விரிப்பில் நடக்கும். போர்வீரன் எதிரியை வெட்டி, கேடயத்தால் ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளி, காலியான இடத்தில் தானே போய் நிற்கலாம். வியூகம் வகுத்து ஆடுபவருக்கு இது விருந்து. அதுவரை மந்திரவாதியிடமே குவிந்திருந்த நுணுக்கம் வாள் பிடித்தவனுக்கும் கிடைத்ததை நான் பெரிய நியாயமாகவே பார்க்கிறேன்.

ஆனால், கதாபாத்திரமாகவே பேசி, விசாரித்து, பேரம் பேசி ஒரு மாலை முழுவதும் ஆடுபவருக்கு, ஒரே சண்டை ஒரு மணி நேரத்தை விழுங்கினால் எரிச்சல் வராதா? பழைய விதிகளை விட மனமில்லாத பலர், அவற்றையே அடிப்படையாகக் கொண்டு 2009-ல் வெளிவந்த ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டின் பக்கம் போனார்கள்.

நான்காம் பதிப்பு மட்டமானது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். வாங்குமுன் உங்கள் குழுவிடம் கேளுங்கள்: போன ஆட்டத்தில் எந்த இடம் பிடித்தது, சண்டையா, பேச்சா?