மின்சார மாதிரி விமானத்தின் ஆற்றலைப் பெருக்கும் முறை

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானம் வெறும் விளையாட்டுப் பொருளன்று. மின்னியலையும் பறத்தலின் தத்துவங்களையும் ஒருங்கே கற்பிக்கும் சாதனமாகும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை பயிற்றுவிக்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 1957-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளன்று, மின்மோட்டாரும் வெள்ளி-துத்தநாக பாட்டரியும் பூட்டிய ‘ரேடியோ குயீன்’ என்னும் மாதிரியைப் பறக்கவிட்டார். அதன் பின்னர் மோட்டாரும் பாட்டரியும் பெரிதும் மாறிவிட்டன. ஆகவே பழைய விமானத்திற்குப் புதிய வலிமை ஊட்ட விரும்புவது இயல்பே. ஆனால் அதற்கு ஒரு நெறி உண்டு.

நான்கு உறுப்புகள்

பாட்டரி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார், புரொப்பெல்லர் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றின் சுமையும் மாறும்.

இரண்டு லித்தியம் பாலிமர் கலங்கள் கொண்ட 7.4 வோல்ட் பாட்டரியால், 10 அங்குலப் புரொப்பெல்லரைச் சுழற்றும் மோட்டார் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்பதாகக் கொள்வோம். இதன் திறன் 74 வாட். இப்பொழுது மூன்று கலங்களை இணைத்தால் மின்னழுத்தம் 11.1 வோல்ட், அதாவது ஒன்றரை மடங்கு ஆகிறது. சுழற்சி வேகமும் ஏறக்குறைய அதே அளவில் உயரும். புரொப்பெல்லருக்குத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். எனவே திறன் சுமார் 250 வாட் ஆகும். மின்னோட்டம் 22 ஆம்பியரை எட்டும். நடைமுறையில் இது சற்றுக் குறையலாம். எனினும் 15 ஆம்பியருக்கு அமைந்த கட்டுப்பாட்டுக் கருவி இதனைத் தாங்காது.

கருவி எரிவதோடு தீங்கு முடிவதில்லை. பல விமானங்களில் ரேடியோ ரிசீவருக்கும் இக்கருவி வழியாகவே மின்சாரம் செல்கிறது. வானில் அது எரிந்தால் விமானம் முற்றிலும் கட்டுப்பாட்டை இழந்து, வேடிக்கை பார்க்கும் மாணவர் மீதே விழக்கூடும்.

இதற்குப் பரிகாரம் சிறிய புரொப்பெல்லர். முறுக்களவு மாறாதிருப்பின், தேவையான திறன் விட்டத்தின் நான்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 8 அங்குலப் புரொப்பெல்லரைப் பூட்டினால் திறன் சுமார் 100 வாட்டாகவும், மின்னோட்டம் 9 ஆம்பியராகவும் குறையும்.

மோட்டாரையும் மாற்றுவதானால்

முதலில் எடையை அறிதல் வேண்டும். சாதாரண வித்தைகளுக்குக் கிலோவுக்குச் சுமார் 220 வாட் போதும். 1.1 கிலோ விமானத்திற்கு 242 வாட் தேவை, 11.1 வோல்ட்டில் இது 22 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தமானது. பிரஷ் இல்லா மோட்டாருக்கு அதற்கெனச் செய்த கருவியே தேவை. அதன் மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் சுழலும் திசை மாறும். 2200 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி முழு வேகத்தில் 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; ஐந்தில் நான்கு பங்கே செலவிடலாம் என்பதால் 5 நிமிடத்திற்குள் இறக்குதல் நன்று.

ஏழு கலங்கள் கொண்ட பழைய நிக்கல் பாட்டரி சுமார் 400 கிராம் இருக்கும். புதியது 180 கிராமே. மூக்கு இலேசாகி வால் கனத்தால் விமானம் நிலைகுலையும். எனவே பாட்டரியை முன்னே நகர்த்தி, ஈர்ப்பு மையம் பழைய இடத்திலேயே அமையுமாறு செய்தல் வேண்டும்.

தரையில் சோதனை

சுழலும் திசையைப் புரொப்பெல்லர் பூட்டுவதற்கு முன்னரே சரிபார்க்க வேண்டும். பின்பு விமானத்தை உறுதியாகக் கட்டி, முழுதும் ஏற்றிய பாட்டரிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே வாட் மீட்டரை இணைத்து, பத்து விநாடி முழு வேகத்தில் ஓட்டுக. எவரும் புரொப்பெல்லருக்கு முன்னோ பக்கவாட்டிலோ நிற்றலாகாது. மின்னோட்டம் அளவு மீறினால் சிறிய புரொப்பெல்லரைப் பூட்டுக.

லித்தியம் கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுதலும், 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்குதலும் கூடாது. அதற்குரிய சார்ஜரைக் கொண்டு, தீப்பற்றாத தளத்தில், ஒருவர் உடனிருக்கவே ஏற்றுதல் வேண்டும். உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஆசிரியர் இரண்டு புரொப்பெல்லர்களைக் கொண்டு இச்சோதனையை நடத்தி, வோல்ட், ஆம்பியர், வாட் அளவுகளை மாணவர்களைக் கொண்டே அட்டவணையாக எழுதச் செய்யலாம். கணக்கிட்ட அளவும் கண்ட அளவும் எவ்வளவு வேறுபடுகின்றன, ஏன் என்று ஆராய்வதே இப்பாடத்தின் பயன். அந்த அட்டவணை சரியென்று தெளிந்த பின்னரே விமானம் தரையை விட்டு எழ வேண்டும்.