ஒப்பந்தம் அப்புறம், பிரச்சினை முதலில்: கல்லூரியும் வேதி ஆலையும் சேர்ந்து தொழில்முனைவு கற்பிக்க ஒரு வழிகாட்டி

கையெழுத்தாகும் நாளில் குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப்படம். பிறகு ஆண்டுக்கு ஒரு விருந்தினர் உரை, ஒரு நாள் ஆலைப் பார்வை. அங்கீகாரக் குழு வரும்போது எடுத்துக்காட்ட ஒரு கோப்பு. கல்லூரிக்கும் ஆலைக்கும் இடையிலான புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பல இதோடு நின்றுவிடுகின்றன. மாணவர் கையில் மிஞ்சுவது ஒரு சான்றிதழ்தான்.

மென்பொருள் ஸ்டார்ட்அப்புக்கு ஒரு மடிக்கணினி போதும். வேதிப்பொருள் செய்து விற்பவருக்குக் கலன் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை வேண்டும். கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே பதில் வேண்டும். இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1916-இலேயே வேதிப் பொறியியல் மாணவர்களை ஆலைகளுக்கு அனுப்பி, அங்குள்ள உண்மைப் பிரச்சினைகளைத் தீர்க்கவைத்தது. அந்த முறையைப் பின்பற்றி பிலானியின் பிட்ஸ் 1973-இல் தன் 'பிராக்டிஸ் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. சென்னை அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் உருவானதே ஒரு தொழிலதிபரின் கொடையால்தான். வேதிப் பொறியியல், ஜவுளி, தோல் என்று நாட்டில் நடந்த தொழில்களைப் பார்த்தே அங்கு துறைகள் அமைந்தன.

இந்த வழிகாட்டி துறைத் தலைவர்களுக்கும் ஆலை மேலாளர்களுக்குமானது. எடுத்துக்காட்டாகத் திருப்பூர்ச் சாயத் தொழிலை எடுத்துக்கொள்வோம். தோல், மருந்து, பெயின்ட் எதுவானாலும் வரிசை இதேதான்.

1. இரண்டு ஆலைகள் போதும்

இருபது நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டால் ஒன்றோடும் வேலை நடக்காது. மாணவர் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் இரண்டு ஆலைகளைப் பிடியுங்கள். மிகப் பெரிய நிறுவனத்தில் ஒரு மாதிரி எடுக்கவும் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டியிருக்கும். நடுத்தர ஆலையில் முதலாளியே மாடியில் இருந்து இறங்கி வந்து "செய்து பாருங்கள்" என்று சொல்லிவிடுவார்.

2. பிரச்சினையை ஆலையிடமிருந்து வாங்குங்கள்

பேராசிரியர் தன் ஆய்வுத் தலைப்பை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போகக் கூடாது. கேள்விகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்:

- எந்தக் கழிவுக்காக மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்?
- எந்த லாட் அடிக்கடி மறுபடி சாயமேற்ற வருகிறது?
- எதை வெளியிலிருந்து வாங்கும்போது "இதை இங்கேயே செய்ய முடியாதா" என்று தோன்றுகிறது?

முதலாளியிடம் மட்டும் கேட்டால் பாதி விடைதான் வரும். டையிங் மாஸ்டரிடமும், இரவு ஷிப்ட் பார்ப்பவரிடமும், சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுபவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே குறையைச் சொன்னால் அதுவே உங்கள் முதல் தலைப்பு.

கிடைத்த பட்டியலை நான்கு சல்லடைகளில் சலியுங்கள். அளக்க முடியுமா? ஒரு செமஸ்டரில் ஒரு பகுதியையாவது முடிக்கலாமா? சோதனை தோற்றால் உற்பத்தி நிற்காமல் இருக்குமா? மாணவரிடம் சொல்லக்கூடிய விஷயமா, தொழில் ரகசியமா? நான்கிலும் தேறியதை ஒரே தாளில் எழுதி, ஆலைத் தரப்பின் கையெழுத்தையும் வாங்குங்கள்.

3. கணக்கோடு உள்ளே போங்கள்

ஆலைப் பார்வையும் ஆலைப் பயிற்சியும் பிரிவது இங்கேதான். மாணவர் கையில் நோட்டும் தராசும் இருக்க வேண்டும்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் நூலும் எதிர்மின் சுமை கொண்டிருக்கும், சாயமும் அப்படியே, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தை நூலோடு சேர்த்துவிடுகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். உப்பு மட்டும் துணியில் தங்குவதே இல்லை.

சாப்ட்ஃப்ளோ மெஷினில் 100 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள்; மொத்தம் 800 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் 48 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை. அடர்நிறமானால் இன்னும் கூடும். அத்தனையும் கழிவுநீரில்தான் போய்ச் சேரும். சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததும், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை எட்டப்படாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், அடிப்படையில் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான்.

மாணவர் வேலை இதுதான்: உள்ளே போன உப்பை எடை போடுவது, ஒவ்வொரு முறை தண்ணீர் இறக்கும்போதும் எத்தனை லிட்டர், அதில் எவ்வளவு உப்பு என்று அளப்பது, கடைசியில் இரண்டையும் நேர் செய்வது. நேராகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பது. முதல் இறக்கத்தில் உப்பு அடர்த்தியாகவும், பிந்தைய அலசல்களில் நீர்த்தும் இருப்பதை மாணவரே பார்ப்பார். "அப்படியானால் முதல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மறுபடி பயன்படுத்தினால் என்ன?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்தே வரும். புத்தாக்கம் என்று தனிப் பாடவேளை போட்டாலும் வராத கேள்வி அது.

பாதுகாப்பில் ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது: கழிவுநீர்த் தொட்டி, மூடிய கலன் எதற்குள்ளும் மாணவர் இறங்கக் கூடாது, தலையைக்கூட நீட்டக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதன் வாசனையை உணரும் திறனையே இழந்துவிடும். காப்பீடு, கண்ணாடி, ஷூ, ஒவ்வொரு ரசாயனத்துக்குமான பாதுகாப்புத் தாள் எல்லாம் முதல் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

4. இப்போது ஒப்பந்தம்

பிரச்சினை கையில் வந்த பிறகு எழுதும் ஒப்பந்தம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அதில் இருக்க வேண்டியவை:

- எந்தத் தகவல் ரகசியம், எவ்வளவு காலத்துக்கு.
- கண்டுபிடிப்பு வந்தால் உரிமை யாருக்கு. ஆலையின் செலவில் ஆலையின் செய்முறையை மேம்படுத்தினால் ஆலைக்கு அந்த உரிமை, மற்ற துறைகளில் பயன்படுத்தும் உரிமை கல்லூரிக்கு என்று பிரிப்பது ஒரு வழி.
- மாணவர் பெயர் கண்டுபிடிப்பாளராக இடம்பெறும் என்ற உறுதி.
- ஆய்வறிக்கையை வெளியிடுவதற்கு முன் ஆலை எத்தனை நாளில் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

காப்புரிமையில் கல்லூரிகள் வழுக்கும் இடம் புராஜெக்ட் கண்காட்சிதான். விண்ணப்பிப்பதற்கு முன் எல்லோர் முன்பும் விளக்கிவிட்டால், புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். முதலில் தற்காலிக விவர அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள். முழு அறிக்கை கொடுக்க 12 மாதம் கிடைக்கும். 2021 திருத்தத்துக்குப் பின் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருப்பதால் செலவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

5. இரண்டு வழிகாட்டிகள்

ஒவ்வொரு குழுவுக்கும் கல்லூரியில் ஒருவர், ஆலையில் ஒருவர். ஆலைக்காரர் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதாக மேலாளர் எழுத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் உற்பத்தி நெருக்கடியில் மாணவர்தான் முதலில் மறக்கப்படுவார். அனுபவம் மிக்க ஆலைப் பொறியாளரைப் பாடமே நடத்த அழைக்கவும் வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 வழிகாட்டுதல்படி, 15 ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ளவரை முனைவர் பட்டம் இல்லாமலே 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' ஆக நியமிக்கலாம்.

பேராசிரியரும் விடுமுறையில் ஒரு மாதம் ஆலையில் உட்கார வேண்டும். ஷிப்ட் மாற்றத்தைப் பார்க்காத ஆசிரியரால் மாணவர் எழுதிவரும் தரவில் எது இயல்பு, எது பிழை என்று சொல்ல முடியாது.

6. லேப் வேறு, பல்க் வேறு

திருப்பூரில் 'லேப் டிப்' எடுத்து நிறம் ஒப்புதல் வாங்கியவருக்கு இந்தத் தலைவலி தெரியும். சில கிராம் துணியில் சரியாக வந்த நிறம் 250 கிலோ லாட்டில் பிசகும். லேப்பில் தண்ணீர் விகிதம் வேறு. ஆலையில் வருவது சுத்திகரித்து மீட்ட தண்ணீர். துணி கயிறாக ஓடும் வேகமும் சூடேறும் வேகமும் வேறு. எனவே குழுவின் யோசனை லேப்பில் வென்றதும் கைதட்டிவிடாதீர்கள். ஆலையின் மாதிரி மெஷினில் ஒரு சிறு லாட், பிறகு வெளிர்நிறம், பிறகு அடர்நிறம் என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

வேதிவினை நடக்கும் ரியாக்டரானால் கவனம் இன்னும் கூட வேண்டும். 100 மில்லி குடுவையில் செய்ததை 1,000 லிட்டர் கலனுக்குக் கொண்டுபோனால் கொள்ளளவு 10,000 மடங்கு கூடும்; ஒரே வடிவக் கலனில் மேற்பரப்பு 464 மடங்குதான் கூடும். வெளியேற வேண்டிய சூட்டுக்குக் கிடைக்கும் பரப்பு, லிட்டர் கணக்கில் பார்த்தால், இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குடுவையில் ஐஸ் தண்ணீருக்கு அடங்கிய வினை கலனில் அடங்காமல் போவது இதனால்தான். இந்தக் கணக்கைப் போடாத குழுவுக்கு அடுத்த கட்டத்துக்கு அனுமதி இல்லை என்று விதி வையுங்கள்.

7. ரூபாய்க் கணக்கும் இசைவாணையும்

தொழில்முனைவுப் பாடத்தை இங்கே நுழையுங்கள், முன்னால் அல்ல. தாங்கள் தொட்ட பொருளுக்கு விலை போடும்போதுதான் மாணவருக்கு அது உறைக்கும்.

சுத்திகரிப்பு நிலையங்களின் ஆவியாக்கியில் கடைசியாகத் தேங்கும் கலப்பு உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சோடியம் சல்பேட்டின் கரைதிறன் சுமார் 32 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர வேகமாகக் குறையும். சமையல் உப்பின் கரைதிறன் அவ்வளவாக மாறாது. ஆகவே குளிர்வித்தால் சல்பேட்டைக் கிளாபர் உப்பாகப் பிரித்தெடுக்கலாம். அறிவியல் இவ்வளவுதான். ஆனால் குளிர்விக்க மின்சாரம் எவ்வளவு? பிரித்த உப்பு எத்தனை சதவீதம் தூய்மை? சாய ஆலை அதை வாங்குமா, என்ன விலைக்கு? மிஞ்சுவதை எங்கே வைப்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு வரச் சொல்லுங்கள். "ஒரு கிலோ துணிக்கு எத்தனை ரூபாய் மிச்சம்?" என்று கேட்கும் ஆலை முதலாளிதான் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். அவரிடம் விற்க முடியாததை முதலீட்டாளரிடமும் விற்க முடியாது.

இசைவாணைக்கான விண்ணப்பத்தையும் மாணவரே நிரப்பிப் பழகட்டும். நிறுவ ஓர் இசைவு, இயக்க ஓர் இசைவு. தொழில் எந்த நிற வகையில் வருகிறது என்பதைப் பொறுத்து நிபந்தனை மாறும். சாயமிடுதல் சிவப்பு வகை. அந்தப் படிவத்தில் கழிவு பற்றிய கட்டத்தை நிரப்ப முடியாத வணிகத் திட்டம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

8. பணம்

ரசாயனம், பரிசோதனைச் செலவை ஆலை ஏற்கட்டும். தொகை சிறிதாக இருந்தாலும் பணம் போட்டவர் கூட்டத்துக்கு வருவார். அடுத்த கட்டத்துக்கு, தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தையும், ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் நிதியையும் பாருங்கள். பெரிய ஆலைகள் சட்டப்படி ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை அரசு ஆதரவு பெற்ற இன்குபேட்டருக்கும் தரலாம். குழு நிறுவனமாகப் பதிவானால், 2019 தேசிய புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை சொல்வதுபோல் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

9. மதிப்பெண்ணும் கைமாற்றலும்

இதை விருப்பப் பாடமாக வைத்து, கிரெடிட் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் ஆலைத் தரப்புக்கும் பாதி மதிப்பெண் அதிகாரம் இருக்கட்டும். சோதனை தோற்றதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். ஏன் தோற்றது என்று எழுதாததற்குக் குறையுங்கள். இந்த ஆண்டுக் குழு விட்ட இடத்தில் அடுத்த ஆண்டுக் குழு தொடங்க, தரவு நோட்டு துறையிலேயே இருக்க வேண்டும். வேதித் தொழிலில் ஒரு யோசனை ஒரே செமஸ்டரில் ஆலை ஏறுவது அரிது. மூன்று குழுக்கள் கைமாற்றிக் கொண்டுபோனால் ஏறலாம்.

ஆண்டு முடிவில் எத்தனை ஒப்பந்தம் என்று எண்ண வேண்டாம். ஆலை இரண்டாவது பிரச்சினையைத் தானாகக் கொண்டுவந்ததா என்று பாருங்கள். கொண்டுவந்திருந்தால் கூட்டு வேலை செய்கிறது. கொண்டுவராவிட்டால், அடுத்த ஒப்பந்தத்துக்கு ஓடாமல், இரண்டாம் படியின் கேள்விகளோடு அதே ஆலைக்கு மறுபடி போங்கள். இந்த முறை இரவு ஷிப்டில்.