பொகவந்தலாவைக் கல்லறையில் இருக்கும் அம்மையார்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து அடையாள அட்டைப் படமும் கல்யாணப் படமும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்களின் முகங்களைத் தனியாக எடுத்துச் சேர்த்து வருகிறீர்கள். நாற்பதைத் தாண்டிய வயதில் இது எதற்கு என்று உறவினர்கள் கேட்பதையும், படம் தெளிவாக இல்லை என்று ஒருவர் குறை சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். கடைசியில்தான் அந்தக் கேள்வி: பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் வெள்ளைக்கார அம்மையாரும் படம் எடுத்தவர் என்கிறார்களே, அவர் யார், அவருக்கும் நமக்கும் என்ன? மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தாய்வழியில் பிரெஞ்சுக் குடும்பம். பாட்டி பாண்டிச்சேரியில் பிறந்தவர். 1838-இல் கல்கத்தாவிலேயே சார்ள்ஸ் ஹே கேமரன் என்ற சட்ட அறிஞரைத் திருமணம் செய்துகொண்டார். கணவர் இருபது வயது மூத்தவர். அவருடைய பெயரை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். இலங்கையின் நிருவாகத்தை மாற்றியமைக்கச் சொன்ன கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் அவர்தான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த அதே மனிதர், பிறகு இந்தத் தீவின் மலைகளில் கோப்பித் தோட்டங்களை வாங்கினார்.

1848-இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860-இல் வைட் தீவில், கவிஞர் டெனிசன் வீட்டுக்கு அருகே, ஃபிரெஷ்வோட்டர் என்ற ஊரில் குடியேறினார்கள். வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. நம் மலையகத்துத் திம்புள்ளதான் அது. கணவருக்குத் தோட்டக் கவலை ஓயவில்லை. 1863 இறுதியில் அவர் இலங்கைக்கு வந்திருந்த நேரத்தில், தனியாக இருந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அம்மையாருக்கு 48 வயது. ஒரு மகள், ஐந்து மகன்கள், எடுத்து வளர்த்த பிள்ளைகள் என்று பெரிய குடும்பத்தை ஆண்டு முடித்திருந்தார். உங்கள் உறவினர்களுக்கு இந்த வயதை மட்டும் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எவ்வளவு பாடு என்பது உங்களைப் போல் தொழிலில் இருப்பவருக்கே முழுதாகப் புரியும். கண்ணாடித் தட்டைத் துடைத்து, அதன் மேல் கொலோடியன் என்ற பசைநீரை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்க்க வேண்டும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, மறுபடி இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் தட்டு வீண். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும். தட்டின் அளவுதான் படத்தின் அளவு. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தட்டோடு அழுத்தி வெயிலில் வைத்துத்தான் பிரிண்ட் எடுத்தார்கள். அம்மையாரின் முதல் கேமரா ஏறத்தாழ 11 அங்குலத்துக்கு 9 அங்குலத் தட்டு பிடித்தது. இரண்டாவது 15-க்கு 12. அவ்வளவு பெரிய ஈரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, நீளப் பாவாடையோடு அறைக்கு அறை நடந்தார். நிலக்கரிக் கொட்டில் இருட்டறையானது. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி பதித்த கோழிக்கூடு ஸ்டூடியோவானது.

மணிக்கு அரைக் கிரவுன் கூலி கொடுத்து உட்கார வைத்த ஒரு விவசாயியின் முகம்தான் அவர் எடுத்த முதல் படம். ஈரத் தட்டில் கை உரசி அது அழிந்துபோனது. பிறகு 1864 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு ஆனி ஃபில்பொட் என்ற சிறுமியை எடுத்தார். அன்று இரவு எட்டு மணிக்குள் பிரிண்ட் போட்டு, நிறமேற்றி, சட்டமும் மாட்டி, சிறுமியின் தகப்பனுக்கு அனுப்பிவிட்டார். தன் முதல் வெற்றி என்று அதன் மேல் எழுதினார். அந்தப் படத்தைப் பாருங்கள். கோட்டுப் பொத்தான் மாட்டிய ஒரு பிள்ளை, பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறாள், அவ்வளவுதான். பின்னணியில் தூண் இல்லை, திரைச்சீலை இல்லை, பூச்சாடி இல்லை. அக்காலத்து ஸ்டூடியோக்கள் மனிதரை முழு உருவமாக நிற்க வைத்து, சுற்றிலும் சாமான்களை அடுக்கிச் சின்ன அட்டைப் படமாக விற்றுக்கொண்டிருந்தன. அம்மையார் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முகத்துக்கு வெகு அருகே போனார்.

அருகே போனதால் வந்த வம்புதான் நீங்கள் எழுதிய ஃபோகஸ் விஷயம். பெரிய தட்டு, திறந்த லென்ஸ், நான்கைந்து நிமிடம்கூட அசையாமல் இருக்க வேண்டிய ஆள்: இதில் கண் துல்லியமாக விழுந்தால் காது கலங்கும், மூச்சு விட்டால் தோள் கலங்கும். தட்டில் கீறல் இருக்கும், விரல் ரேகை இருக்கும். லண்டன் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை அவரைக் கடுமையாகச் சாடியது. துணிச்சலை ஒப்புக்கொண்டு, தொழில் தெரியவில்லை என்றது. ஆனால் அவர் தெரியாமல் செய்யவில்லை. லென்ஸைத் திருகும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் தானே நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள்போல் மேலும் கூர்மையாக்கப் போகவில்லை என்றும் பின்னாளில் தன் தொழில் நினைவுகளில் எழுதிவைத்தார். எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று நண்பர் ஜான் ஹெர்ஷெலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். ஹெர்ஷெல் பெரிய வானியலறிஞர். இருட்டறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய ஹைப்போ, வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று கண்டு சொன்னவரும் அவரே.

அந்த ஹெர்ஷெலை 1867-இல் அம்மையார் எடுத்த படம்தான் என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த வேலை. கிழவரின் தலையைக் கழுவச் சொல்லி, வெள்ளை முடியைச் சிலுப்பிவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி உட்கார வைத்தார். இருட்டுக்குள்ளிருந்து முகம் மட்டும் வருகிறது. கண்ணில் ஈரம் தெரிகிறது, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தங்குகிறது. அந்த முகத்துக்கு முன் முழுக் கூர்மை எதற்கு? அடுத்த வருடம் சார்ள்ஸ் டார்வின் குடும்பத்தோடு அந்தத் தீவுக்கு வந்து தங்கினார். தன்னை எடுத்த படங்களில் அம்மையார் எடுத்ததே தனக்கு மிகப் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தார். டெனிசன், கார்லைல், பிரௌனிங் எல்லோரும் அவர் கேமரா முன் உட்கார்ந்தவர்கள். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனையும் பலமுறை எடுத்தார். அவர்தான் பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் என்ற எழுத்தாளரைப் பெற்றவர்.

இதை வசதியான ஒரு அம்மாளின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். படங்களுக்கு முறையாகக் காப்புரிமை பதிந்தார். லண்டனில் கோல்னாகி என்ற கலைக்கூடம் வழியாக விற்றார். 1865-இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், அவர் படங்களை விலைக்கு வாங்கியது; 1868-இல் வேலை செய்ய இரண்டு அறையும் ஒதுக்கிக் கொடுத்தது. குடும்பத்துக்குப் பணமுடை இருந்தது, படங்கள் சம்பாதித்துத் தர வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். ஆனால் செலவைத் தாண்டி லாபம் என்று பெரிதாக வரவில்லை.

பெரிய மனிதர்களைவிட அவர் அதிகம் எடுத்தது வீட்டுப் பெண்களையும் வேலைக்காரிகளையும்தான். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணை மாதாவாகத் திரும்பத் திரும்ப எடுத்ததில் ஊரே அவளை மடோனா மேரி என்று அழைத்தது. மேரி ரயன் என்ற இன்னொரு பெண், தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. அம்மையார் வீட்டில் சேர்த்து, படிப்பித்து, படத்திலும் நிறுத்தினார். கண்காட்சியில் அவளைப் பார்த்து மனதைக் கொடுத்த ஹென்றி கொட்டன் 1867-இல் அவளைக் கைப்பிடித்தார். இந்தக் கொட்டன் பிறந்த ஊர் கும்பகோணம். இந்திய சிவில் சேவையில் உயர்ந்து, அசாமின் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலியை உயர்த்த வேண்டும் என்று வாதாடித் தோட்ட முதலாளிகளின் கோபத்தைச் சம்பாதித்தவர். 1904-இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். அவர் மனைவியின் முகம் இன்றும் அம்மையாரின் படங்களில் இருக்கிறது, பெயரோடு.

1875-இல் கணவரும் மனைவியும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். கேமரா வாங்கிக் கொடுத்த மகள் அதற்கு இரண்டு வருடம் முன்பு பிரசவத்தில் இறந்திருந்தாள். 1869-இல் இங்கு தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்துக்கொண்டிருந்தது. மகன் ஒருவர் களுத்துறையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். அம்மையார் பெரும்பாலும் அங்கேதான் தங்கினார். தாவர ஓவியர் மரியான் நோர்த் 1877-இல் களுத்துறை வீட்டுக்கு வந்தபோது, கொளுத்தும் வெயிலில் தென்னோலை நடுவே நிற்க வைத்துப் படமெடுத்த கதையைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இங்கத்திய வெப்பத்தில் ஈரத்தட்டு நொடியில் காயும். இரசாயனம் கடல் கடந்து வர வேண்டும். வாழ்நாளில் ஆயிரத்துக்கு அருகில் படம் எடுத்தவரின் இலங்கைப் படங்களில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு.

அந்தச் சில படங்களுக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவற்றில் இருப்பவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. கையில் வளையல், காதில் கனத்த நகை, தோளில் சுற்றிய சேலை. நேரே லென்ஸைப் பார்க்கும் ஒரு இளம்பெண் இருக்கிறாள். டார்வினுக்குக் கொடுத்த அதே நெருக்கத்தையும் வெளிச்சத்தையும் அவளுக்கும் அம்மையார் கொடுத்திருக்கிறார். அக்காலத்தில் இங்கு கடை வைத்திருந்த ஸ்டூடியோக்காரர்கள் நம்மவரை இன்ன சாதி, இன்ன தொழில் என்று வகைபிரித்து விற்பனைக்கு எடுத்தார்கள். அந்தப் படங்களோடு ஒப்பிட்டால் இவை மனிதரை மனிதராகவே பார்க்கின்றன. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அவர்கள் யார்? களுத்துறைக் குடியானவர்கள் மூவர் என்று ஒரு படம், 1878-இல் எடுத்தது. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தன் வயது நூறு என்கிறார் என்று அதில் குறிப்பு இருக்கிறது. அவ்வளவு கேட்டு எழுதியவர் பெயரை எழுதவில்லை. இங்கிலாந்தில் பிச்சை எடுத்த சிறுமிக்குப் பெயர் உண்டு, அவள் கல்யாணக் கதையும் நமக்குத் தெரியும். நம் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அம்மையாரின் கண்ணாடித் தட்டும் வெள்ளி நைட்ரேட்டும் யார் உழைப்பில் வந்தவை? மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து மலையேறிய நம் முன்னோர் பறித்த கோப்பி அந்தக் குடும்பத்தின் வருமானம். அந்த உழைப்பு வாங்கிக் கொடுத்த தட்டிலேயே அவர்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள். இதற்கு அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தோட்டக் கணக்கே ஆட்களை எண்ணிக்கையாகத்தான் வைத்திருந்தது. இருந்தாலும் எனக்கு இது ஆறாத வருத்தம்.

1878-இல் ஒருமுறை இங்கிலாந்து போய்த் திரும்பினார். 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவில், கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். மறு வருடம் கணவரும் போனார். இருவரையும் பொகவந்தலாவையில் அருகருகே வைத்தார்கள்.

சகோதரி, அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அவருக்கு ஒரு பூ வையுங்கள். தொழிலில் அவர் நமக்கு மூத்தவர். படம் கலங்கியிருக்கிறது என்றவரின் பேச்சை விடுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் பாட்டியின் கண் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, அது போதும். ஆனால் படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். எடுக்கும் முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள், ஒரு பிரிண்ட்டை அவர்கள் கையில் கொடுங்கள். பிறகு அவர்கள் சொல்கிறபடியே பெயர், தோட்டம், டிவிஷன், எத்தனை வருடம் கொழுந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் எழுதி, தேதியும் போடுங்கள். அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் படத்தைப் பெயரோடு இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.

அன்புடன்.