தோப்பினுள் மறைந்த தெய்வம்

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழுமாயின், அதனோடு ஒரு வரலாறே மறைதலும் கூடும். பழைய தமிழ் விவிலியத்தில் வரும் 'தோப்பு' என்னுஞ் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். உரைநடை வளர்ச்சி பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன் எம்மை வினவினான்: "ஐயா, ஆலயத்துள் இருந்த தோப்பு விக்கிரகத்தை யோசியா மன்னன் வெளியே கொண்டுபோய் எரித்தான் என்றிருக்கிறதே, தோப்புக்கு விக்கிரகம் ஏது?" அன்று விடை கூற இயலாது நின்றோம். பின்னர் யாம் கற்றவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

எபிரேய மூலத்திலுள்ள சொல் 'அசேரா' என்பது. பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைப் பெரும்பாலும் 'சோலை' எனப் பெயர்த்தனர். இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றன. தமிழிலும் அது தோப்பாயிற்று.

உண்மையை வெளிப்படுத்தியது ஓர் உழவனின் கலப்பை. சிரியாவின் கடற்கரையில், இராஸ் சம்ரா என்னும் மேட்டிற்கு அண்மையில், 1928 ஆம் ஆண்டில் அது பழைய கல்லறையொன்றின் கல்லிலே தட்டிற்று. மறு ஆண்டு பிரெஞ்சு அறிஞர் குளோட் சேஃபர் அகழ்வைத் தொடங்கினார். கி. மு. 1200 அளவில் அழிந்த உகாரித் நகரம் வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த களிமண் ஏடுகள் 'அத்திராத்' என்னும் பெருந்தேவியைப் பேசுகின்றன. அவள் முதுபெருந் தெய்வமாகிய ஏலின் துணைவி, தேவர்களை ஈன்றவள், அவள் மைந்தர் எழுபதின்மர். அத்திராத் என்னும் இப்பெயரே எபிரேயத்தில் அசேரா என நின்றது.

இனி, மரம் எங்ஙனம் வந்தது? இலாகீசு என்னும் ஊரில் அகழ்ந்தெடுத்த, கி. மு. 13 ஆம் நூற்றாண்டுக்குரிய குடமொன்றில், மரமும் அதன் இருபுறத்தும் ஆடுகளும் தீட்டப்பெற்றுள்ளன. அம்மரத்தின் மேலே 'தேவி' எனப் பொருள்படும் 'ஏலாத்' என்னுஞ் சொல் காணப்படுகின்றது. தானாக்கில் 1968 ஆம் ஆண்டு கிடைத்த, கி. மு. 10 ஆம் நூற்றாண்டு வழிபாட்டுப் பீடத்தில், ஒரு தளத்திலே சிங்கங்களுக்கிடையே பெண்ணொருத்தி நிற்கின்றாள். மற்றொரு தளத்திலே சிங்கங்களுக்கிடையே மரம் நிற்கின்றது. இரண்டும் ஒரு தெய்வத்தையே குறிப்பன என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

இசுரவேலரும் மரத்தைப் போற்றியவரே. ஆபிரகாம் பெயெர்செபாவில் மரம் நட்டு வழிபட்டான். யோசுவா சீகேமில் கருவாலியின் கீழ்க் கல் நாட்டினான். ஆயினும், பலிபீடத்தருகே அசேராவாக எம்மரமும் நடலாகாது என உபாகமம் விலக்கிற்று. விலக்கு மீண்டும் மீண்டும் கூறப்படுதலே வழக்கு நிலவியமைக்குச் சான்றாம். மனாசே அதன் உருவை எருசலேம் ஆலயத்துள்ளேயே நிறுவினான். அங்கே பெண்கள் அதற்கெனத் திரை நெய்தனர். கி. மு. 622 அளவில் யோசியா அதனைக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்தான். அவன் எரித்தது சோலையன்று, தேவியின் உரு.

1975, 1976 ஆம் ஆண்டுகளில் சீனாய்ப் பாலைவனத்துக் குந்தில்லெத் அஜ்ருத் என்னுமிடத்திற் கிடைத்த, கி. மு. 800 அளவினவாகிய சாடிகளில், யாவேயின் பெயராலும் 'அவருடைய அசேரா'வின் பெயராலும் வாழ்த்துகள் எழுதப்பெற்றுள்ளன. எபிரேயத்தில் இயற்பெயர் உடைமை விகுதி ஏலாது; ஆதலின் ஈண்டுக் குறித்தது மரவுருவே என்பர் ஒரு சாரார். தேவியே என்பர் மற்றொரு சாரார். ஒரு விகுதியின்மேல் ஒரு சமயத்தின் வரலாறே தங்கி நிற்றலைக் காண்க! இலக்கணத்தைப் பயனற்ற பாடமென இகழும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். எம் கோயில்களின் தலவிருட்சத்தை இதனோடு ஒப்புநோக்கல் இன்பந் தருவதே. ஆயினும் ஒப்புமை வேறு, உறவு வேறு. சான்றின்றி ஒன்றிலிருந்து மற்றது தோன்றிற்றென்றல், 'தோப்பு' எனப் பெயர்த்ததினும் பெரும்பிழையாம்.

வினாவிய மாணவன் இன்று பழைய மாணவருள் ஒருவன். அவனுக்குரிய விடை காலந் தாழ்த்தேனும் இம்மலர் வழியே சேர்வதாக.