புனே வட்டாரத்துக் கதிர்க்குருவிகள்

சிட்டுக்குருவியினும் சிறிய உடல், மங்கிய பழுப்பு அல்லது பசுமை நிறம், ஓரிடத்தில் நில்லாத இயல்பு ஆகியவற்றால் கதிர்க்குருவிகளை இனம் பிரித்தறிவது தேர்ந்தவர்க்கும் எளிதன்று. எனினும் புனே நகரத்தாருக்கு இப்பறவைகளிடத்தில் தனி உரிமை உண்டு எனலாம். பம்பாய் அரசாங்கத்தின் புள்ளிவிவர அதிகாரியாக 1824-இல் அமர்த்தப்பட்ட வில்லியம் ஹென்றி ஸைக்ஸ், தக்காணத்துப் பறவைகளின் பட்டியலை 1832-இல் வெளியிட்டார். சாம்பல் கதிர்க்குருவி, வெற்றுக் கதிர்க்குருவி, 'ராமா' என்று அவர் பெயரிட்ட மற்றொன்று ஆகிய மூன்றும் அதன் வாயிலாகவே அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின.

முதலிரண்டும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. இலைகளைத் தைத்துக் கூடமைக்கும் தையற்சிட்டும் அவ்வாறே. இம்மூன்றையும் இக்கால மரபணு ஆய்வு வேறொரு குடும்பத்தில் சேர்த்துவிட்டது.

ஏனைய பலவும் குளிர்கால விருந்தினர். அவற்றுள் பிளித் நாணற் கதிர்க்குருவி கிழக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்டு இறுதி முதல் இந்தியாவுக்கு வரத் தொடங்குகிறது. ஐரோப்பாவின் பூச்சியுண்ணும் பறவைகளுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவை நாடிச் செல்ல, இது கிழக்கு நோக்கித் திரும்புவது வியப்பிற்குரியது. பெயரில் நாணல் இருப்பினும் இங்கு அதற்கு வேலிப்புதரே போதும். புதருக்குள்ளிருந்து 'சக், சக்' என்று ஒலி வருமாயின் அதுவே இது. உண்மையில் இப்பறவைகளை அறியக் கண்ணைவிடக் காதே சிறந்த கருவி.

மரத்தின் மேற்கிளைகளில் 'ச்சிவீ' என்று அழைப்பது பசுமை இலைக்குருவி. அதன் இறக்கையில் மெல்லிய வெளிர்கோடு ஒன்று காணப்படும். ஹியூம் இலைக்குருவிக்குக் கோடுகள் இரண்டு. கோடே இன்றி, வயிறு மஞ்சளாக, பாறைகளின்மேல் தத்தி இரைதேடுவது கந்தகவயிற்றுக் கதிர்க்குருவி.

ஸைக்ஸின் 'ராமா' நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாகவே எண்ணப்பட்டு, பின்னரே தனியினமாக மீண்டும் ஏற்கப்பட்டது. வெளிறிய நிறமும் நீண்ட அலகும் உடைய இது கருவேல மரங்களையும் வறண்ட புதர்க்காட்டையும் விரும்புவது.

அப்புதர்க்காடுதான் இன்று குறைந்து வருகிறது. குன்றுச் சரிவின் முட்செடிகளும் முளா-முட்டா ஆற்றங்கரைப் புதர்களும் பாழ்நிலம் என்று கருதப்பட்டு எளிதில் வெட்டப்படுகின்றன. வேறிடம் தேடிக்கொள்ளும் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. தமிழ்நாட்டின் களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் பசுமை இலைக்குருவிகளுக்குக் கால்வளையமிட்டு ஆராய்ந்தபொழுது, ஒவ்வொன்றும் குளிர்காலத்தில் தனக்கென ஓர் எல்லையைக் காப்பதும், மறு ஆண்டு பல அதே எல்லைக்கு மீள்வதும் தெரியவந்தன. இமயத்திற்கு அப்பாலிருந்து திரும்பும் பறவை தேடிவருவது குறிப்பிட்ட சில மரங்களையே.