பெயரை எடுத்தாலும் ஆள் தெரியும்

மரபணுத் தரவில் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் தூத்துக்குடிக் கரையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயருக்கு முன் வருவது அப்பா பெயரின் முதல் எழுத்துதான். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். இந்தக் கரையின் முத்துக்குளித்துறைப் பரதவரிடமோ கொரைரா, மோத்தா, ரோச், மச்சாடோ என்று குடும்பப் பெயர் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே வருகிறது. 2013-ல் யானிவ் எர்லிக் குழு ‘சயின்ஸ்’ இதழில் காட்டிய வழி இதுதான்: பெயர் நீக்கிப் பொதுவில் வைத்த மரபணுத் தொடர்களிலிருந்து ஒய் குரோமோசோம் குறிகளை எடுத்து, வம்சாவளி இணையதளங்களில் தேடிக் குடும்பப் பெயரை ஊகித்தார்கள். வயதும் மாநிலமும் சேர்ந்ததும் ஏறத்தாழ 50 பேர் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் கரையிலோ கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளே வம்சாவளியைச் சொல்லும்.

அதற்காகத் தரவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதயத்தசையைப் பலவீனமாக்கும் 25 டி.என்.ஏ. எழுத்துகளின் இழப்பு ஒன்று தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டறிந்தார்கள். நம் மக்களின் மரபணுவைப் படிக்காமல் இது தெரிந்திருக்காது. அதனால்தான் இத்தகைய தரவைப் பாதுகாக்கப்பட்ட கணினிச் சூழலில் வைக்கிறார்கள். தரவு நம்மிடம் வராது, நாம்தான் அதனிடம் போகிறோம். வ.உ.சி. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அனுமதி இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. இங்கும் முடிவுகளை ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே கோப்பு வெளியேறும்.

அந்தச் சூழலுக்குள் போகும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுவது என் வழக்கம். உள்ளே இணையம் இருக்காது. ஒரு சிறு நிரல் தொகுப்பு விட்டுப்போனாலும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னராகக் கட்டி, ஒப்பீட்டு மரபணுத்தொகுதியையும் விளக்கக் கோப்புகளையும் சேர்த்து அனுப்பிவிடுவேன். நிரலைச் சோதிக்கத் திறந்த தரவு போதும். ‘1000 ஜீனோம்ஸ்’ தொகுப்பில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் மாதிரிகளே இருக்கின்றன. அதில் பிழையில்லாமல் ஓடிய நிரல்தான் உள்ளே போக வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது முடிவுகளை வெளியே எடுக்கும்போதுதான். அமெரிக்காவின் ‘ஆல் ஆஃப் அஸ்’ ஆய்வுத் திட்டம் 20 பேர் வரையிலான எண்ணிக்கையை வெளியிட விடுவதில்லை. அந்த விதி கூடுதல் கெடுபிடி என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ‘ஜீனோம் இந்தியா’ 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதியைச் சேர்த்தது. குழுவுக்குச் சராசரியாக 100-க்குச் சற்று மேல். அதை வயது, நோய், மாவட்டம் என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேரே மிஞ்சுவார்கள். இன்னொரு ஆபத்து, அட்டவணைகள் தனித்தனியே சரியாக இருந்தும் சேர்ந்தால் காட்டிக்கொடுப்பது. போன மாதம் 41 பேர், இந்த மாதம் 42 பேர் என்று இரண்டு முடிவுகளை அனுப்பினால் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த ஒருவர் கிடைத்துவிடுவார். ஆகவே முன்பு என்ன வெளியே போனது என்ற பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதிய கோரிக்கை எழுதுகிறேன். பிழைச் செய்திக் கோப்பு, நோட்புக், கோப்பின் பெயர் ஆகியவற்றிலும் மாதிரி எண் ஒளிந்திருக்கும். ஆளுக்கொரு புள்ளி வைத்த வரைபடத்துக்குப் பதில் அடர்த்தி வரைபடம் போதும்.

மரபணு வடிவங்களின் சராசரி விகிதங்கள்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. ஒருவரின் மரபணு கையில் இருந்தால், அவர் ஒரு கூட்டுத் தொகுப்பில் இருக்கிறாரா என்று விகிதங்களை வைத்தே சொல்லலாம் என 2008-ல் நில்ஸ் ஹோமர் முதலியோர் நிறுவியதும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தரவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது.

நம் பக்கத் தரவில் தாய்மாமன் கலியாணம், அத்தை மகன் கலியாணம் நிறைய. உறவினர் இல்லாதவர்கள் என்று எண்ணிச் செய்யும் கணக்கு பிழையாகும். உறவளவைச் சரிபார்த்தே தீர வேண்டும். அப்போது, தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தையல்ல என்பதும் தெரியவரலாம். கேள்விக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு அந்தக் கோப்பை மூடிவிடுங்கள். சக ஆய்வாளரிடம்கூட அதைப் பேச வேண்டாம். வீட்டிலிருந்து உள்நுழைந்தால் கதவைச் சாத்துங்கள். இந்த ஊரில் மாமாவோ மைத்துனரோ எட்டிப் பார்த்து, இது எந்தத் தெருக்காரர் என்று கேட்டுவிடுவார்கள்.

சம்மதத்தை ஒருவர் திரும்பப் பெறுவதும் உண்டு. மூலத்தரவிலிருந்து அவரை நிர்வாகிகள் நீக்குவார்கள். நாம் உருவாக்கிய இடைநிலைக் கோப்புகளில் அவர் இன்னும் இருப்பார். நீக்க வேண்டியவர் பட்டியலை நிரலின் முதல் படியிலேயே படிக்கச் செய்துவிட்டால், அடுத்த ஓட்டத்திலிருந்து எல்லாக் கோப்பிலும் அவர் விடுபடுவார். பழைய நகல்களை மட்டும் தேடி அழிக்க வேண்டியிருக்கும்.